"ஒதுங்கு": நகரு, விலகு, தள்ளு எல்லாம் ஒன்றுதானா?

மைசூர்மல்லி:

எல்லோருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது மைசூரில். வீட்டில் தமிழ்தான், ஆனால் படித்ததெல்லாம் கன்னடம். கல்யாணமாகித் தேனிக்கு வந்த பிறகுதான், எனக்குத் தெரிந்த தமிழ் சமையலறையைத் தாண்டாது என்று புரிந்தது. அதிலும் இங்கே சமையலறைத் தமிழே வேறாக இருக்கிறது.

விஷயம் இதுதான். என் மாமியார் காலையில், "அந்த ரூமைக் கொஞ்சம் ஒதுங்க வச்சிரும்மா" என்றார். ரூமை எப்படி ஒதுங்க வைப்பது? ரூமைக் காலி செய்யச் சொல்கிறாரா, யாருக்காவது ஒதுக்கித் தரப் போகிறாரா என்று முழித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு அக்கா மாலையில் எட்டிப் பார்த்து, "என்ன, வேலை ஒதுங்கிருச்சா?" என்கிறார். கணவர் நனைந்துகொண்டு வந்து, "மழைக்கு ஒதுங்கக்கூட இடம் இல்லை" என்கிறார். டிவியில் "கரை ஒதுங்கியது" என்கிறார்கள். அகராதியைத் திறந்தால் "விலகு" என்று போட்டிருக்கிறது. "மழைக்கு விலகினேன்" என்று சொல்லிப் பார்த்தேன், வீடே சிரித்தது.

மைசூர் பஸ்ஸில் இந்தக் கஷ்டமே இல்லை. "ஸ்வல்ப சர்க்கொள்ளி" என்றால் முடிந்தது, சீட்டில் இருப்பவர், வழியில் நிற்பவர், எல்லோருக்கும் அதுதான். இங்கே நகரு, தள்ளு, விலகு, ஒதுங்கு என்று நாலைந்து இருக்கிறதே, எதை எங்கே சொல்வது? முக்கியமாக, பஸ்ஸில் வழியை அடைத்துக்கொண்டு நிற்பவரிடம் கோபப்படாமல் கேட்க எது சரி?

—

ஹோல்டான்:

வணக்கம்மா. மதுரை ஆரப்பாளையத்திலிருந்து தேனிக்குப் போகிற அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆளை இடம் மாறச் சொல்வதுதான் என் பிழைப்பு, டிக்கெட் கிழிப்பதெல்லாம் அப்புறம். அதனால் இந்த விஷயத்தில் அகராதியைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒதுங்குவதற்கு ஓரம் வேண்டும். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். நகர்வதற்கு ஓரம் வேண்டாம், ஒரு சாண் இடம் இருந்தால் போதும், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகரலாம். விலகுவதற்கும் ஓரம் வேண்டாம், எதைவிட்டு விலகுகிறோம் என்பதுதான் கணக்கு. ஒதுங்குகிறவன் மட்டும் நடுவை விட்டுவிட்டு ஓரத்துக்குப் போகிறான். நடு வேறொருவருக்கு, அல்லது வேறொன்றுக்கு ஆகிவிடுகிறது.

அதனால்தான் கூட்டம் நெரிகிற பஸ்ஸுக்குள் நான் "ஒதுங்குங்க" என்று சொன்னதே கிடையாது. செக்கானூரணி தாண்டும்போது வண்டியில் ஓரம் எங்கே இருக்கிறது? "உள்ளே போங்க, முன்னாடி போங்க, இன்னும் கொஞ்சம் நகருங்க" அவ்வளவுதான். படிக்கட்டில் தொங்குகிற பையன்களிடம் மட்டும் "மேலே ஏறு". அதுவும் இரண்டாவது தடவை சொல்லும்போது குரல் மாறிவிடும்.

சீட்டுக்கு வருவோம். மூன்று பேர் உட்காருகிற சீட்டில் இரண்டு பேர் அகலமாக உட்கார்ந்திருந்தால், "கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க" என்று சொல்லுங்கள். யாருக்கும் வருத்தம் வராது. "தள்ளி உட்காருங்க" என்றால் அதில் ஒரு முறைப்பு இருக்கிறது. "ஒதுங்கி உட்காருங்க" என்று ஒரு பெண் பக்கத்தில் இருக்கிற ஆளிடம் சொன்னால், அது இடம் கேட்கிற பேச்சே இல்லை. முன் சீட்டில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், நான் டிக்கெட் பையை இடுப்பில் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கம் போய்விடுவேன். அதற்குமேல் அந்த ஆள் செக்கானூரணியோ உசிலம்பட்டியோ, வருகிற ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவான், அவன் டிக்கெட் தேனி வரைக்கும் இருந்தாலும்.

ரோட்டுக்கு வந்தால்தான் ஒதுங்கு என்கிற வார்த்தைக்கு வேலை. ஆண்டிபட்டிக் கணவாயில் எதிரே லாரி வந்தால் யாராவது ஒருத்தர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஆட்டு மந்தை குறுக்கே வந்தால் டிரைவர் ஹாரன் அடிக்க மாட்டார், அடித்தால் நாலு பக்கமும் சிதறும். ஆட்டுக்காரர் நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுப்பார், மொத்த மந்தையும் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கிவிடும். மாடு ஒதுங்காது, நகரும். எருமையைப் பற்றிப் பேச வேண்டாம்.

இப்போது உங்கள் மழைக்கு வருவோம். "மழைக்கு ஒதுங்கினேன்", "வெயிலுக்கு ஒதுங்கினேன்" என்று "கு" போட்டுத்தான் சொல்வோம். எதற்காக என்பது அந்த "கு"வில் இருக்கும், எங்கே என்பது பின்னால் வரும். மழைக்கு டீக்கடையில் ஒதுங்கினோம். விலகு என்றால் "மழையை விட்டு" என்று ஆரம்பிக்க வேண்டியிருக்கும், மழையை விட்டு யார் விலக முடியும்? அதனால்தான் வீட்டில் சிரித்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனைப் பற்றி எங்கள் பக்கம், "மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன்" என்பார்கள். ரோட்டோரத்தில் இருக்கிற பள்ளிக்கூடம், கொட்டுகிற மழை, அப்போதுகூட அந்தத் தாழ்வாரத்தில் கால் வைக்கவில்லை. திட்டுதான், ஆனால் அழகான திட்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் இந்த ஊரில் இருக்கப்போகிறவர். "ஒதுங்கணும்" என்று மட்டும் ஒருவர் சொன்னால் வேறு அர்த்தம். ராத்திரி டிரிப்பில் வயதான அம்மா ஒருவர் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்து, "தம்பி, செத்த ஒதுங்கணும்" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. எங்கே, எதற்கு, இன்னும் ரெண்டு கிலோமீட்டரில் ஊர் வருதே, எதுவும் கூடாது. நான் டிரைவர் தோளைத் தொடுவேன். அவர் ஓடைப் பாலம் தாண்டி, கருவேல மரம் மறைக்கிற இடமாகப் பார்த்து நிறுத்தி, முன் லைட்டை அணைப்பார். உள் லைட்டையும் அணைத்துவிடுவோம். ஒருவர் இறங்கினால் பின்னாலேயே நாலு பெண்கள் இறங்குவார்கள், அதுவரை வாய் திறக்காமல் அடக்கிக்கொண்டு வந்தவர்கள். டைம் கீப்பரிடம் நான் சொல்கிற காரணம் "லெவல் கிராசிங்". அவருக்கும் தெரியும்.

ரூமை ஒதுங்க வைப்பது என்றால் காலி செய்வது இல்லை, ஒழுங்கு செய்வது. கிடக்கிற துணி, பாத்திரம், பேப்பர் எல்லாம் அதனதன் ஓரத்துக்குப் போய்விட்டால் நடு வீடு தெரியும் இல்லையா, அதுதான். வேலை ஒதுங்கிருச்சா என்பதும் அதே வழிதான். இனி உட்கார்ந்து பேசலாமா என்று கேட்கிறார் உங்கள் பக்கத்து வீட்டு அக்கா. "ஒதுங்கிருச்சு, உள்ளே வாங்க" என்று சொல்லிப் பாருங்கள்.

—

மைசூர்மல்லி:

ஐயா, ரொம்ப நன்றி. லெவல் கிராசிங் படித்து என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சின்ன வயதில் அந்த பஸ்ஸில்தான் மதுரைக்குப் போய்வருவாராம். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. "விலகிட்டார்", "ஒதுங்கிட்டார்" இரண்டும் செய்தியில் வருகிறது. இரண்டும் வெளியே போய்விட்டார் என்பதுதானே?

—

ஹோல்டான்:

இல்லம்மா. கட்சியை விட்டு விலகினார் என்றால் கடிதம் கொடுத்திருப்பார், பேட்டி கொடுத்திருப்பார், மறுநாள் இன்னொரு கட்சியில் துண்டு போர்த்தியிருப்பார்கள். அரசியலில் இருந்து ஒதுங்கிவிட்டார் என்றால் கடிதமெல்லாம் கிடையாது. கூட்டத்துக்கு வர மாட்டார், கூப்பிட்டால் முட்டிவலி என்பார். கார்டு அவர் சட்டைப்பையிலேயே இருக்கும். விலகினவர் திரும்பி வந்தால் "மீண்டும் இணைந்தார்" என்று எழுதுவார்கள். ஒதுங்கினவர் திரும்பி வந்தால் நாற்காலி மட்டும் போடுவார்கள்.

மேகம் விலகும், திரை விலகும், சேலைத் தலைப்பு விலகும். மறைத்தது போனால் விலகல். தேர் வரும்போது கூட்டம் விலகி வழிவிட்டது என்றும் சொல்லலாம், ஒதுங்கி வழிவிட்டது என்றும் சொல்லலாம். முதலாவதில் கூட்டம் இரண்டாகப் பிரிவது தெரிகிறது, இரண்டாவதில் ஓரமாகப் போய் நிற்பது தெரிகிறது.

தள்ளு தனிக் கதை. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று உங்கள் மாமியார் யாரைப் பற்றியாவது குரலைத் தாழ்த்திச் சொன்னால் அது கல்யாணத் தேதி இல்லை, அதை மட்டும் இப்போதைக்குத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

—

முத்துநகர்:

அண்ணாச்சி, ஓரம் வேண்டும் என்று சொன்னது சரி. ஆனால் ஒதுங்குவது ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. நான் தூத்துக்குடிக்காரன், எங்களுக்குப் பெரிய ஓரம் கடற்கரைதான்.

எங்கள் பக்கம் கடலுக்குப் போனவர் திரும்பி வந்தால் கரையேறினார். அவராக வந்தார். கடல் கொண்டுவந்து போட்டால்தான் கரை ஒதுங்கியது. மரக்கட்டை, மிதவை, அறுந்த வலை, சில நேரம் சொல்லக் கூடாததும். அதனால் உயிரோடு இருக்கிற ஆளைப் பற்றி எங்கள் ஊரில் "கரை ஒதுங்கினான்" என்று சொன்னால் வீட்டுப் பெண்கள் வாயில் அடிப்பார்கள்.

2016 ஜனவரியில் மணப்பாடு, திருச்செந்தூர்ப் பக்கம் திமிங்கலங்கள் கரை ஒதுங்கியது ஞாபகம் இருக்கும். 80-க்கும் மேலே. நான் அப்போது மணப்பாட்டில் என் சித்தப்பா வீட்டில் இருந்தேன். கருப்பாக, தலை உருண்டையாக, பைலட் திமிங்கலம் என்று சொல்கிற வகை. நம் ஆட்கள் கயிறு கட்டிப் படகில் இழுத்துக்கொண்டு போய் ஆழத்தில் விட்டார்கள். விட்டது திரும்பவும் கரைக்கே வந்தது. ஊரில் ஒரு தாத்தா மட்டும், "இது முன்னாடியும் நடந்திருக்குப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது 1973 ஜனவரி, அப்போதும் இதே கடற்கரையில் 147 ஒதுங்கியிருக்கிறது.

அங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். உயிரோடு, தானாக நீந்தி, இழுத்து விட்ட பிறகும் திரும்பத் திரும்ப வந்ததே, அது ஒதுங்கியதா, ஏறியதா? பேப்பர்காரர்கள் எல்லோரும் ஒதுங்கியது என்றே எழுதினார்கள்.

இன்னொன்று, "புயலுக்கு ஒதுங்கினோம்" என்று நாங்களும் உங்கள் "கு" போட்டுத்தான் சொல்வோம். படகைக் காற்று படாத பக்கமாகக் கொண்டுபோய் நங்கூரம் போட்டுக் கிடப்பது. அது டீக்கடைத் திண்ணை மாதிரி இல்லை, ராத்திரி முழுக்கத் தூக்கம் கிடையாது.

—

வடமராட்சி:

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் இதுக்கு வைச்சிருக்கிற சொல்லுகள் வேறை. வழியில நிக்கிற ஆளை "கொஞ்சம் விலத்துங்கோ" எண்டுதான் கேப்பம். சைக்கிளில போகேக்கை முன்னுக்குப் போறவரைத் தாண்டினால் அதுவும் விலத்துறதுதான். "லொறியை விலத்திக்கொண்டு வந்தான்" எண்டால் லொறியை ஓரம் தள்ளினான் எண்டு நினைச்சுப் போடாதேங்கோ, முந்திக்கொண்டு வந்தான்.

சாமானுக்கு "அரக்கு". அலுமாரியைக் கொஞ்சம் அங்காலை அரக்கு, கதிரையை அரக்கிப் போடு. தூக்காமல் நிலத்தோட இழுத்து நகர்த்துறது. வாங்கில இருக்கிறவரையும் "அரக்கி இருங்கோ" எண்டு சொல்லுவம், ஏனெண்டால் அவரும் எழும்பாமல்தானே நகருறார். பஸ்ஸில கொண்டக்டர் "உள்ளுக்குப் போங்கோ, பின்னுக்குப் போங்கோ" எண்டு கத்துறதுக்கு உங்கட ஊருக்கும் எங்கட ஊருக்கும் வித்தியாசம் இல்லை.

ஹோல்டான் அண்ணை, ஒரு கேள்வி. ஒதுங்கு எண்டுறது உங்கட பக்கம் மரியாதை இல்லாத சொல்லோ? பஸ்ஸுக்குள்ள சொல்லமாட்டன் எண்டது ஓரம் இல்லாததால மட்டும்தானோ?

—

ஹோல்டான்:

சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள் தங்கச்சி. ஓரம் இல்லாதது ஒரு காரணம்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு வண்டி பழக்கிய சீனியர் கண்டக்டர் ஒருவர் இருந்தார். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே பேசுவார், பாதி புரியாது. அவர் முதலில் சொன்னது சில்லறை, ஸ்டேஜ், இன்வாய்ஸ் எதுவும் இல்லை. "யாரையும் ஒதுங்கி நில்லுன்னு சொல்லாதே. எவன் அப்பனுக்கு யார் அதைச் சொன்னாங்கன்னு உனக்குத் தெரியாது" என்றார். அப்போது எனக்குப் பாதிதான் புரிந்தது, வெற்றிலையால் மட்டும் இல்லை.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில், ஒரு தெருக்காரர் வந்தால் இன்னொரு தெருக்காரர் பாதையை விட்டு இறங்கி நிற்க வேண்டும், தோள் துண்டு இடுப்புக்குப் போக வேண்டும் என்று இருந்தது. அதற்கு வாயால் சொன்ன ஒரே வார்த்தை இதுதான். நான் சொல்வது ராஜா காலத்துக் கதை இல்லை. என் வண்டியில் ஏறிய பெரியவர்கள் சின்ன வயதில் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். சீட்டு காலியாக இருந்தும், "நான் நிக்கிறேன் சாமி" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு உசிலம்பட்டி வரை நின்று வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய் வழிக்காகக்கூட ஒதுங்குங்கள் என்று எப்படிச் சொல்வது? தோளில் லேசாகத் தட்டி, "ஐயா, உட்காருங்க, நான் அந்தப் பக்கம் போகணும்" என்பேன். அவர் உட்கார்ந்தால் எனக்கும் வழி கிடைத்துவிடும்.

பஸ்ஸுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பே உண்டு. ஒரு காலத்தில் தனியார் பஸ்காரர்கள் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்றவே மாட்டார்கள். பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியன் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, அப்படி ஏற்ற மறுக்கிற வண்டிக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்டார். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். சென்னையில் பாண்டி பஜார் என்று துணி எடுக்கப் போகிறோமே, அந்தப் பாண்டி இவர்தான். கண்டக்டர் வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் பயிற்சியில் இதைச் சொல்லித் தர வேண்டும் என்பது என் கட்சி. ஹோல்டான், ரைட் சொல்லத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

ஒதுங்கு என்பது அவனாகச் செய்வது, ஒதுக்கு என்பது அவனைச் செய்வது. ஊரை விட்டு ஒதுக்கி வைத்தார்கள் என்றால் கடையில் சாமான் கிடையாது, கிணற்றில் தண்ணீர் கிடையாது. அதே ஒதுக்குதான் "மாசம் ஐநூறு ஒதுக்கி வை" என்கிற சேமிப்பிலும் இருக்கிறது, இட ஒதுக்கீட்டிலும் இருக்கிறது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இல் வகுப்புவாரி அரசாணை வந்ததே, அதிலிருந்து இன்றைய 69 சதவீதம் வரைக்கும் எல்லாம் இந்த ஒதுக்கீட்டு வரலாறுதான். என் மகள் வேலை வாங்கியதும் அதில்தான், என் பேத்தி படிப்பதும் அதில்தான். எந்த ஒதுக்கு என்று பார்த்துத்தான் கோபப்பட வேண்டும்.

முத்துநகர், உங்கள் திமிங்கலத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஏறச் சொன்னால் ஏறுகிறவர்களோடும், இறங்கச் சொன்னால் இறங்காதவர்களோடும்தான் எனக்குப் பழக்கம்.

—

குறும்பல:

கல்லூரியில் பழந்தமிழ் படிக்கிறேன், அதனால் ஒரு சின்ன இடைச்செருகல். பழைய தமிழில் ஒதுங்கு என்றால் நடப்பதுதான். ஒதுக்கம் என்றால் நடை. புறநானூறு 159-ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் தன் வீட்டு வறுமையைக் குமணனிடம் சொல்கிறார். முதலில் தன் அம்மாவைப் பற்றி. "கோல்கால் ஆகக் குறும்பல ஒதுங்கி" என்கிறார். கைத்தடியே காலாக, சின்னச் சின்ன அடியாகப் பல அடி வைத்து நடக்கிற கிழவி. கண் மங்கிவிட்டது, முற்றத்தைத் தாண்டிப் போக முடியாது, இன்னும் உயிர் போக மாட்டேன் என்கிறதே என்று சலித்துக்கொள்கிறாள்.

முதல் தடவை வாசித்தபோது ஓரமாக ஒதுங்குகிறாள் என்றே அர்த்தம் எடுத்துக்கொண்டு, எதற்கு ஒதுங்குகிறாள் என்று வகுப்பில் எல்லோரும் தேடினோம். பிறகுதான் உரையைப் பார்த்தோம். என் பெயர் அங்கிருந்து எடுத்ததுதான்.

—

ஹோல்டான்:

தம்பி, இது தெரியாமல் போய்விட்டதே. அப்படியானால் "உள்ளே ஒதுங்குங்க" என்று நான் கத்தியிருந்தால் சங்கத் தமிழ் ஆகியிருக்கும். அந்தக் கிழவியை எனக்குத் தெரியும். ஆண்டிபட்டியில் ஏறி ரெண்டாவது ஸ்டாப்பில் இறங்குவார். கம்பை முதலில் படிக்கட்டில் வைப்பார், அப்புறம் கையை என்னிடம் நீட்டுவார், அப்புறம்தான் கால். அவர் இறங்கி முடிக்கும் வரை விசில் கொடுக்க மாட்டேன். பின்னால் நிற்கிற தனியார் பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பான்.

—

வண்ணாரப்பேட்டை:

நாலைந்து வார்த்தை என்று கணக்கு போட்டவர்கள் சென்னையை விட்டுவிட்டீர்கள். எங்களுக்கு "ஒத்து". "கொஞ்சம் ஒத்திக்க தல", "ஓரமா ஒத்து". மீன்பாடி வண்டிக்காரர் பின்னாலிருந்து "ஒத்து ஒத்து ஒத்து" என்று மூன்று தடவை சொன்னால் நான்காவது தடவைக்குள் நீங்கள் நடைபாதையில் இருக்க வேண்டும். நகரு என்பது எங்கள் வாயில் "நவுரு". ஆனால் இதில் எதையும் எங்கள் கண்டக்டர் வாயில் அதிகம் கேட்டதில்லை. அவர் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு விசில் ஊதுவார், அவ்வளவுதான்.

—

மைசூர்மல்லி:

ஒத்து எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மாமியாரிடம் சொல்லிப் பார்க்க தைரியம் இல்லை.

ஐயா, நேற்று அலமாரியைத் துடைத்து அடுக்கிவிட்டு "ஒதுங்க வச்சுட்டேன் அத்தை" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்து அடுப்படியைக் காட்டினார். இன்று மதுரைக்கு பஸ்ஸில் வந்தபோது முன்னால் நின்றவரிடம் "கொஞ்சம் நகர்ந்துக்கங்க" என்று கேட்டேன், உடனே வழிவிட்டார். சென்னைக் கண்டக்டர் உட்கார்ந்தே டிக்கெட் கொடுப்பார் என்பது உண்மையா? அப்படியென்றால் கூட்டத்தில் எப்படி?

—

ஹோல்டான்:

உண்மைதான்மா. நானே நேரில் பார்த்து அசந்துபோனேன். முன்னால் நிற்கிறவர் காசைப் பின்னால் நிற்கிறவர் கையில் கொடுப்பார். அவர் அடுத்தவரிடம், இப்படியே கை மாறிக் கை மாறிக் கண்டக்டரிடம் போகும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும், பத்துப் பைசா குறையாமல். எங்கள் லைனில் நான்தான் ஆளுக்கு ஆள் நெளிந்து நெளிந்து போக வேண்டும். தேனி போய்ச் சேரும்போது சட்டைப் பித்தான் ஒன்று இருக்காது. வண்ணாரப்பேட்டைத் தம்பிக்கு அதனால்தான் நகரு, தள்ளு எதுவும் காதில் விழவில்லை. அங்கே ஆள் நகர வேண்டியதில்லை, காசு நகர்ந்துவிடுகிறது.